அது சண்டை அல்ல, கலியாணம்!

விடியற்காலை ஐந்தரை மணி. டிகாஷன் இறங்குவதற்காக அடுக்களையில் காத்துக்கொண்டு நின்றேன். கூடத்திலிருந்து ‘சளக், சளக்’ என்று ஒரு சத்தம். குழாயை மூடாமல் விட்டுவிட்டோமோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். குழாய் அல்ல, மீன் தொட்டி!

எங்கள் வீட்டுத் தொட்டியில் அப்போது மூன்று தங்கமீன்கள் இருந்தன. மூன்றுக்கும் பெயர் வைத்தவன் என் பிள்ளை. உருண்டு திரண்டு, பட்டுப் பாவாடை மாதிரி வாலை விரித்துக்கொண்டு போகிறவள் ராணி. யார் வம்புக்கும் போகாமல் ஒதுங்கியிருக்கிறவன் மணி. ஓயாமல் எதையாவது முட்டிக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆசாமி ரௌடி.

அன்றைக்கு ரௌடி தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். ராணியைத் தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விரட்டுகிறான். அவள் வயிற்றில் மூக்கால் இடிக்கிறான். வாலுக்கு அடியில் முட்டுகிறான். அவள் செடிக்குள் நுழைந்தால் இவனும் நுழைகிறான். மூலையில் ஒதுங்கினால் கண்ணாடியோடு சேர்த்து நெருக்குகிறான். பரம சாதுவான மணிகூட அவனுக்குத் துணை! தண்ணீர் தெறித்து, கீழே விரித்திருந்த பாயெல்லாம் நனைந்துவிட்டது.

“ஐயையோ, ராணியைக் கொல்கிறானே!” என்று நான் போட்ட சத்தத்தில் வீடே எழுந்து வந்தது.

இவர் டார்ச் விளக்கை எடுத்து ரௌடியின் முகத்தில் அடித்துப் பார்த்தார். “இதோ பார், கன்னம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. இது வெள்ளைப்புள்ளி வியாதி. வியாதி முற்றித்தான் இப்படி வெறி பிடித்து அலைகிறது” என்று தீர்ப்புச் சொன்னார்.

தீர்ப்பு ஆனதும் தண்டனை. ரௌடியை வலை போட்டுப் பிடித்தோம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதில் அவனை விட்டோம். சீக்கிரம் குணமாகட்டும் என்ற நல்லெண்ணத்தில், புட்டியில் சொல்லியிருந்ததற்கு மேலேயே இரண்டு சொட்டு மருந்தும் விட்டோம்.

பிறகு தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் கலங்கி, மேலே லேசாக நுரை கட்டியிருந்தது. செடியிலும் கண்ணாடியிலும் கசகசாவைத் தூவினாற்போல் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு என்று நினைத்து அத்தனையையும் தேய்த்து எடுத்துச் சாக்கடையில் கொட்டினேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை நேராக வாளியிடம் ஓடினான். ரௌடி ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தான்.

அன்று இரவு பிள்ளை சாப்பிடவில்லை. “அவன் என்னம்மா தப்புப் பண்ணினான்?” என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துத் தெரிந்தபோது, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மாப்பிள்ளையின் சந்தனப் பொட்டு

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூரைத் தெரியாமல் இராது. அலங்கார மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பெயர் போன இடம். ரௌடிக்குப் பதிலாக ஒரு மீன் வாங்கிப் பிள்ளையைச் சமாதானப்படுத்தலாம் என்று அங்கே போனேன். கடையில் இருந்த பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மீனை எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார்.

“புள்ளி எங்கேம்மா இருந்தது? உடம்பெல்லாமா, கன்னத்தில் மட்டுமா?”

“கன்னத்தில்தான். பக்கத்துத் துடுப்பின் ஓரத்திலும் கொஞ்சம் இருந்தது.”

“துரத்தினது எந்த நேரத்தில்?”

“விடியற்காலையில்.”

“செடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்ததா?”

கசகசா மாதிரி இருந்ததைச் சொன்னேன். பெரியவர் தலையை ஆட்டினார். “அம்மா, நீங்கள் வைத்தியம் பண்ணினது மாப்பிள்ளைக்கு. முகத்தில் இருந்தது வியாதி இல்லை. முகூர்த்தத்துக்கு இட்டுக்கொண்ட சந்தனப் பொட்டு. நீங்கள் துடைத்துப் போட்டது அழுக்கு இல்லை, முட்டை.”

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ரௌடியை விரட்டல் கொல்லவில்லை, வியாதியும் கொல்லவில்லை. குளோரின் போகாத குழாய்த் தண்ணீர், அளவுக்கு மீறின மருந்து, காற்று இல்லாத சின்ன வாளி, இந்த மூன்றும் சேர்ந்து கொன்றன. அதற்கெல்லாம் மூலகாரணம் எங்கள் அவசரம்.

தங்கமீன் வளர்க்கும் வேறு ஒரு வீட்டில் இதே தவறு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடையாளம் கண்டுகொள்வது எப்படி?

தங்கமீனில் ஆண் எது, பெண் எது என்று மற்ற நாட்களில் சொல்வது கஷ்டம். ஒரு வயதுக்கு மேல், முட்டையிடும் பருவம் வரும்போது குறி தெரியும். ஆணுக்குச் செவுள் மூடியின்மேல், அதாவது நாம் கன்னம் என்று நினைக்கிற இடத்தில், உப்புத் தூள் போல் சிறு சிறு வெள்ளை மணிகள் எழும்பும். மார்புத் துடுப்பின் முன்பக்கத்து முள்ளிலும் வரிசையாக வரும். பருவம் முடிந்தால் தாமாகவே மறைந்துவிடும்.

வெள்ளைப்புள்ளி வியாதி வேறு. அது ஓர் ஒட்டுண்ணியால் வருவது. அந்தப் புள்ளிகளுக்கு இடம், ஒழுங்கு ஒன்றும் கிடையாது. வால், முதுகு, வயிறு என்று கண்ட இடத்தில் முளைக்கும். நாளுக்கு நாள் பெருகும். மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு சோர்ந்து கிடக்கும், அரிப்புத் தாங்காமல் கல்லில் போய் உடம்பைத் தேய்க்கும், இரை எடுக்காது. ஆண், பெண் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. புள்ளி கன்னத்திலும் துடுப்பு ஓரத்திலும் மட்டும் இருந்து, மீன் உற்சாகமாக ஓடியாடித் தின்றுகொண்டிருந்தால் மருந்துப் புட்டியைத் தொடாதீர்கள்.

பெண்ணுக்கு வயிறு பருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் புடைத்திருப்பதும் உண்டு. உடனே “எங்கள் மீன் கர்ப்பமாக இருக்கிறது” என்று சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. தங்கமீனுக்கு வளைகாப்புப் பருவமே கிடையாது! பெண் முட்டைகளைத் தண்ணீரில் உதிர்த்த பிறகுதான், ஆண் அவற்றின்மேல் தன் விந்தை விடுகிறது. கரு உண்டாவது வெளியில்தான்.

இதிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். வயிறு வீங்கி, செதில்களெல்லாம் அன்னாசிப்பழத் தோல் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றால் அது முட்டை அல்ல. உடம்புக்குள் நீர் கோக்கும் கடுமையான கோளாறு. அதற்கு விஷயம் தெரிந்தவர்களிடம் உடனே யோசனை கேட்க வேண்டும்.

மூன்றாவது அடையாளம் துரத்தல். சண்டை போடும் மீன் எதிராளியைத் தன் இரைக்குப் பக்கத்தில் வரவிடாமல் விரட்டும். அவன் விலகிப் போனால் விட்டுவிடும். இது அப்படி அல்ல. ஆண், பெண்ணின் பின்னாலேயே போய் வயிற்றையும் வாலடியையும் முட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று ஆண்கள் இருந்தால் எல்லாம் ஒரே பெண்ணைச் சூழ்ந்துகொள்ளும். செடி இருக்கும் பக்கமாக அவளைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டும் பக்கவாட்டில் உரசி ஒரு சிலுப்பு சிலுப்பும்போது முட்டைகள் சிதறும். பெரும்பாலும் பொழுது புலரும் நேரத்தில் ஆரம்பித்துச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

முகூர்த்தம் பார்ப்பது யார்?

அது ஏன் விடியற்காலையில்? ஆணுக்கு யார் போய்ச் சொல்கிறார்கள்? இதை விஞ்ஞானிகள் வெகு காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சிக்கே தங்கமீன்தான் முக்கியமான சாட்சி.

குளிர் குறைந்து தண்ணீர் வெதுவெதுப்பாகும்போது, பக்கத்தில் செடியும் இருந்தால், பெண்ணின் உடம்பில் ஒரு ஹார்மோன் இரவில் பொங்கி எழுகிறது. அதன் அடையாளமாக ஒரு பொருள் தண்ணீரில் கலக்கிறது. ஆண் அதை முகர்ந்து முன்கூட்டியே தயாராகிறது. விடியும் தறுவாயில் முட்டைகள் முதிர்ந்து விடுபட்டதும், பெண் இரண்டாவது ஒரு பொருளை வெளியிடுகிறது. அது புராஸ்டாகிளாண்டின் என்ற வகையைச் சேர்ந்தது. அந்த வாசனை தண்ணீரில் பரவியதுமே துரத்தல் ஆரம்பம். பீட்டர் ஸோரன்ஸன், நார்மன் ஸ்டேஸி முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதை 1988-ல் எழுதி வெளியிட்டார்கள்.

புராஸ்டாகிளாண்டின் என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பிரசவ ஆஸ்பத்திரியில் கேட்டிருப்பீர்கள். மனித தாய்க்குப் பிரசவ வலி எடுக்கச் செய்வதும் இந்த வகைப் பொருள்தான். கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பவளுக்கும் நமக்கும் எவ்வளவு கிட்டத்து உறவு, பாருங்கள்!

சீன தேசத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, சாம்பல் நிறக் கெண்டை இனம் ஒன்றில் தப்பிப் பிறந்த பொன்னிற மீன்களைப் பொறுக்கி எடுத்து வளர்த்தார்கள். அவற்றின் சந்ததிதான் இந்தத் தங்கமீன். ஆயிரம் வருஷம் மனிதன் கையில் வளர்ந்தும், குளிர் போய் வெயில் வரும்போது முட்டையிட வேண்டும் என்ற பழைய ஆற்று வழக்கத்தை இது மறக்கவே இல்லை. தண்ணீர் 18-லிருந்து 24 டிகிரி வரை இருக்கும்போது முட்டையிடுவது இதன் சுபாவம். நம் ஊர்களில் கோடைத் தண்ணீர் அதற்கும் மேலே போய்விடும். எங்கள் வீட்டில் இரண்டு தடவையும் மாசி மாதத்தில்தான், பனி விலகும் சமயத்தில்தான், நடந்தது.

கலியாண வீட்டாருக்குச் சில யோசனைகள்

முட்டையிடும் அறிகுறி தெரிந்தால் முதலில் தொட்டியைப் பாருங்கள். கூரான கல், உடைந்த பொம்மை, முனை நீட்டிக்கொண்டிருக்கும் கோட்டை கொத்தளம் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். துரத்தும் வேகத்தில் மீன் அவற்றில் மோதிச் செதிலைப் பறிகொடுக்கும். கண் துருத்திய ஜாதி மீன்களுக்குக் கண்ணே போய்விடும்.

இரண்டாவது, முட்டை ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கொடுங்கள். கடையில் விற்கும் பாசிக்கொத்து போதும். இல்லாவிட்டால், நைலான் கயிற்றைப் பிரிபிரியாகப் பிரித்து ஒரு குஞ்சம் மாதிரி கட்டி, வெந்நீரில் அலசி ஆறவைத்துத் தொங்கவிடலாம். சாயம் போகிற நூல் உதவாது. குளத்திலிருந்து செடியைப் பறித்து அப்படியே போடவும் வேண்டாம். நத்தையும் பூச்சிகளும் கூடவே வந்து சேரும்.

மூன்றாவது, காற்றுப் பம்பை ஓடவிடுங்கள். முட்டையும் விந்தும் கலந்தால் தண்ணீர் சீக்கிரம் கெடும், பிராணவாயு குறையும். பில்டர் வேகமாக இழுத்தால் வாயில் ஸ்பாஞ்சு கட்டிவிடுங்கள்.

நான்காவது, கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான காரியம்! குழந்தைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டே இருக்கவும் கூடாது. பெண் மீன் களைத்துப்போய் அடியில் சாய்ந்துவிட்டாலும், மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாலும், செதில் உதிர்ந்து வால் கிழிந்தாலும், முட்டை எல்லாம் போட்டு முடித்த பிறகும் ஆண்கள் விடாமல் துரத்தினாலும், அவளைத் தனியாக எடுத்து ஓய்வு கொடுக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு நாலைந்து ஆண்கள் என்று இருக்கும் தொட்டியில் இந்த ஆபத்து அதிகம். அவளை விடும் பாத்திரத்தில் அதே தொட்டியின் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். காற்றுக் குழாய் ஒன்று போட வேண்டும். குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து விடக் கூடாது. நாங்கள் எந்த இடத்தில் தவறினோம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எல்லாம் அடங்கிய பிறகு, பெரிய மீன்கள் இருக்கும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுவது நல்லது. அது பழைய தண்ணீரின் சூட்டிலேயே இருக்கட்டும்.

பெற்றவளே தின்னலாமா?

முட்டையிட்ட ஒரு மணி நேரத்தில் ராணி திரும்பி வந்து, தான் போட்ட முட்டைகளையே ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பதைப் பார்த்தால் மனம் பதறும். பதற வேண்டாம். அவளுக்கு அது பிள்ளை என்று தெரியாது. கண்ணில் பட்டது இரை, அவ்வளவுதான். முட்டைகள் வேண்டுமானால், அவை ஒட்டியிருக்கும் செடியையோ குஞ்சத்தையோ அப்படியே எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். அதிலும் தாய்த் தொட்டியின் தண்ணீரே இருக்கட்டும்.

ஒரு தடவையில் சில நூறு முட்டைகளும் இருக்கலாம். ஆயிரத்தைத் தாண்டியும் போகலாம். நல்ல முட்டை தேன் நிறத்தில், ஊறின பொடி ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாக இருக்கும். கரு ஏறாதது ஓரிரு நாளில் பால் வெள்ளையாகி, பஞ்சு போல் பூஞ்சணம் பிடிக்கும். அது பக்கத்து முட்டைக்கும் பரவும். ஆகையால் வெள்ளையானவற்றை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். முட்டைத் தொட்டியில் மட்டும், தண்ணீர் லேசாக நீலம் பாரிக்கும் அளவுக்கு மெதிலீன் புளூ மருந்து சில சொட்டு விடுவது வழக்கம்.

24 டிகிரிச் சூட்டில் மூன்று நாலு நாளில் குஞ்சு பொரிக்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு வாரம் வரை ஆகும். பொரித்த குஞ்சு என்றால் இரண்டு கண்ணும் ஒரு மயிரிழையும், அவ்வளவுதான்! முதல் இரண்டு நாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் தொங்கும். செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். வயிற்றோடு கொண்டுவந்த கட்டுச்சாதத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது இரை எதுவும் போட வேண்டியதில்லை. நீந்த ஆரம்பித்த பிறகுதான் பசி வரும். அந்தப் பசி பொல்லாத பசி. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொடுக்க வேண்டும்.

என்ன கொடுப்பது? வேகவைத்த கோழி முட்டையின் மஞ்சள் கருவை மெல்லிய துணியில் பிழிந்து கொடுப்பது பழைய வழக்கம். ஒரு வேளைக்குக் கடுகளவு போதும். அதிகமானால் தண்ணீர் அழுகிவிடும். இன்னும் நல்லது, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பூச்சி. அதன் முட்டை கடைகளில் கிடைக்கிறது. உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் ஒன்று ஒன்றரை நாளில் பொரிக்கும். அவற்றை வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, குஞ்சுகளுக்குப் போட வேண்டும். குஞ்சுத் தொட்டியின் அடியில் தங்கும் கசடை மெல்லிய குழாயால் தினமும் உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்ற வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கணக்கு

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னவளாவேன். முந்நூறு குஞ்சுகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

தங்கமீன் விளையாட்டுச் சாமான் அல்ல. நன்றாக வைத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு சந்தையில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்ற தங்கமீன் 1999 வரை, 43 வருஷம் உயிரோடு இருந்தது. மூன்று மீனுக்கு 150 லிட்டர் தொட்டியாவது வேண்டும் என்று நாங்களே அடிபட்ட பிறகுதான் தெரிந்துகொண்டோம். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் அதற்குச் சிறைதான்.

“கூடுதலானதை ஏரியில் விட்டால் புண்ணியம்” என்பார்கள். அதைப் போலப் பாபம் வேறு இல்லை. அமெரிக்காவில் மின்னஸோட்டா மாநிலத்தின் பர்ன்ஸ்வில் நகரத்தார், 2021 ஜூலையில் தங்கள் ஏரியிலிருந்து ஓர் அடிக்கும் மேல் வளர்ந்த தங்கமீன்களைப் பிடித்தெடுத்து, “வளர்க்கும் மீன்களைக் குளங்குட்டைகளில் விடாதீர்கள்” என்று ஜனங்களை வேண்டிக்கொண்டார்கள். யாரோ வீட்டில் வேண்டாம் என்று விட்டவைதான் அப்படிப் பெருத்திருந்தன. இவை அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், செடிகளைப் பிடுங்கும், அங்கேயே பிறந்து வளர்ந்த மீன்களின் இரையைப் பிடுங்கித் தின்னும்.

ஆகவே இடமும் நேரமும் இல்லாதவர்கள் முட்டைகளைத் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள். பெரிய மீன்களே தின்றுவிடும். அதில் பாபம் ஒன்றும் இல்லை. இயற்கையின் கணக்கே அதுதான். இடம் உள்ளவர்கள், எத்தனை வளர்க்க முடியுமோ அத்தனை முட்டையை மட்டும் பிரித்து எடுங்கள்.

மறு வருஷம்

கொளத்தூரிலிருந்து நான் புது மீன் வாங்கி வரவில்லை. இருக்கிறவற்றை முதலில் ஒழுங்காக வளர்ப்போம் என்று திரும்பிவிட்டேன். பெரிய தொட்டி வந்தது. மறு வருஷம் மாசியில் ஒரு நாள், சாது மணியின் கன்னத்தில் உப்புத் தூள் தெரிந்தது. இவர் டார்ச்சை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, பேசாமல் வைத்துவிட்டார்.

நாலு நாள் கழித்து, விடியற்காலையில் அதே ‘சளக், சளக்’! பிள்ளையை எழுப்பினேன். கல்லையெல்லாம் முந்தின வாரமே எடுத்துவிட்டோம். நைலான் குஞ்சமும் தயார். மணி துரத்தினான், ராணி ஓடினாள். நாங்கள் நால்வரும் கீழே உட்கார்ந்து பார்த்தோம். என் மாமியார், “கெட்டி மேளம் ஒன்றுதான் பாக்கி” என்றார். பிள்ளை மட்டும் வாய் திறக்கவில்லை. எல்லாம் முடிந்து ராணி செடியடியில் நின்று மூச்சு வாங்கும்போது, “அன்றைக்கும் இதுதானேம்மா?” என்று கேட்டான். “இதுதாண்டா” என்றேன்.

குஞ்சு பொரித்தது. இரைதான் பெரிய பிரச்னை. கோழி முட்டை வாசற்படி தாண்டாத வீடு எங்களுடையது. பிள்ளை பாட்டியிடம் மனுப் போட்டான். பாட்டி ஒரு நாள் யோசித்து, “பால்கனியில், தனி அடுப்பு, தனிப் பாத்திரம். முட்டை முட்டைக்குத்தானே போகிறது, போகட்டும்” என்று உத்தரவு கொடுத்தார். பத்து நாள் கழித்து, “குழந்தைகள் இன்றைக்குச் சாப்பிட்டதுகளா?” என்று முதலில் கேட்கிறவர் அவர்தான்!

பொரித்தவற்றில் ஒரு மாதம் தாண்டியவை அறுபது சொச்சம். கடைசியில் நின்றவை இருபத்திரண்டு. குஞ்சுகள் முதலில் தங்க நிறமாக இருக்காது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பாட்டன் மாதிரி மங்கின சாம்பலும் பித்தளையுமாக இருக்கும். இரண்டு மூன்று மாதம் போனால் ஒவ்வொன்றாகப் பொன்னிறம் ஏறும். சிலவற்றுக்கு ஒரு வருஷம் ஆகும். சில கடைசி வரையில் மாறாது.

இருபது குஞ்சுகளைப் பெரிய தொட்டி உள்ள சிநேகிதர்களுக்கு மட்டும் கொடுத்தோம். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னான்: “மாமி, கன்னத்தில் வெள்ளையாகப் புள்ளி வந்தால் மருந்து விட்டுவிடாதீர்கள், முதலில் எனக்குப் போன் பண்ணுங்கள்.”

மீதி இரண்டும் எங்களிடமே இருக்கின்றன. ஒன்று பளபளவென்று தங்கமாகிவிட்டது. மற்றது இன்னும் பித்தளை நிறந்தான். கண்டதையெல்லாம் முட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு என்ன பெயர் வைத்திருப்பான் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

சின்ன ரௌடி!